பூஜைக்கு நிறுத்திய பிரீசர்

என் நாற்காலியின் மெத்தை தேயவே இல்லை என்று பக்கத்துப் பிரிவில் கிண்டல் செய்வார்கள். உட்கார்ந்தால்தானே தேயும். ‘மேடம் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவங்க’ என்பது என்னைப் பற்றி அங்கே நிலைத்துவிட்ட பேச்சு. இருக்கட்டும். என் வேலை அப்படி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு வரும் நிதியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவின் அலுவலர் நான். டெல்லியில் எங்கள் பேராசிரியர் ஒருவருக்குத் திட்டம் ஒதுக்கினால், அது இங்கே வந்து ஒரு கருவியாகவோ ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையாகவோ மாறி, வேலை முடிந்த அறிக்கை திரும்பப் போகிறவரை எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான். கோப்பை அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தால் கோப்பும் போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நானே தூக்கிக்கொண்டு அறை அறையாக நடப்பேன்.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று நினைப்பு. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. நான் செய்வது ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. இளம்பிள்ளை ஊரின் சாயப்பட்டறைத் தண்ணீர், மாந்தோப்புப் பூச்சி, கல்குவாரித் தூசி என்று வந்த விண்ணப்பங்களைப் படித்துப் படித்து எல்லாவற்றிலும் அரைகுறையாகக் கொஞ்சம் தெரியும். கண்ணால் எதையும் பார்த்ததில்லை. கோழித் தீவனத் திட்டம் ஒன்றுக்கு ஆரம்பத்திலிருந்து கடிதம் எழுதியவள் நான்தான். அதில் ஒரு கோழியைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அந்தத் திட்டத்தின் ஆய்வு மாணவி ஆத்தூர்க்காரி. அவளுடைய அம்மா அங்கே ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். ஆலைகளைச் சுற்றி மலைமலையாகக் காயும், மழை பெய்தால் நாறும். அதைக் கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்தால் முட்டையும் கோழியும் தாங்குமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நாமக்கல் பக்கம் ஒரு விவசாயி தன் பண்ணையில் இரண்டு வரிசைக் கூண்டுகளை அவளுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். திப்பி தின்னும் கோழிக்குக் காலில் பச்சை வளையம், வழக்கமான தீவனம் தின்னும் கோழிக்குச் சிவப்பு வளையம். அவ்வப்போது போய் இறக்கையில் ஊசி குத்திக் கொஞ்சம் இரத்தமும், கூடவே எச்சமும் எடுத்து வருவாள். அந்த மாதிரிகளை மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க வேண்டும். கரைந்தால் குப்பைதான்.

அதற்கான பிரீசர் எங்களிடம் இல்லை. வேறு துறையின் பிரீசரில் ஓர் ஓரத்தில், வாடகைக்குக் குடியிருப்பதுபோல, அவளுடைய டப்பாக்கள் இருந்தன. அவர்களுக்கு இடம் வேண்டும் என்றால் முதலில் இவளுடையதைத்தான் வெளியே எடுத்து வைப்பார்கள். ஒரு தடவை அப்படி வெளியே வைத்த டப்பாக்களோடு என் அறைக்கு வந்து நின்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் புதுப் பிரீசருக்கு அலைய ஆரம்பித்தேன். டெண்டரில் ஓர் ஆட்சேபம், அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஓர் ஆட்சேபம். நிதி அலுவலர் என்னைக் கண்டாலே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கடைசியில் பிரீசர் வந்து இறங்கியது, ஆடி மாதத்தில். ஆடியில் புதுசைத் தொடங்கக்கூடாதென்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். ஆவணி பிறந்து, நல்ல நாள் பார்த்து, அப்புறம்தான் பிளக்கைச் செருகினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஓட ஆரம்பித்த அன்று தனியாகப் போய் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆயுத பூஜையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் சேலம் டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, லாரி உதிரிபாகக் கடை. கடையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கும்பிடுகிறவர்கள். அதனால் வருடா வருடம் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, கடலை எல்லாம் அத்தாவே வாங்கிப் போடுவார். அவர்கள் தராசிலிருந்து ஸ்பேனர் வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அத்தா வெளியே நின்று போகிற வருகிறவர்களுக்குப் பொரி கொடுப்பார். பூஜைக்கு வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது, அதற்கு ஓய்வு. மறுநாள் எடுத்துத்தான் தொழில் தொடங்க வேண்டும். ஒரு நட்டு வேண்டும் என்று யாராவது கெஞ்சினாலும் அத்தா ‘நாளைக்கு வாங்க’ என்பார். இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை.

பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். பூஜை அன்று அரசு விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே அலுவலகமும் ஆய்வகங்களும் கும்பிட்டு முடித்துவிடும். பிரீசர் இருந்த ஆய்வகத்துக்கு ஓர் உதவியாளர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், தற்காலிக ஊழியர், எல்லோருக்கும் அண்ணன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நானும் அவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருவோம். புதுப் பிரீசர் வந்ததில் என்னைவிடப் பெருமை அவருக்குத்தான். புது வண்டிக்கு முதல் பூஜை என்றால் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தார். நான் போனபோது பிரீசருக்கு ரோஜா மாலை, கதவில் மூன்று பட்டைச் சந்தனம், காலடியில் எலுமிச்சம்பழம். ‘மேடம், நீங்க வாங்கிக் குடுத்தது, எப்படி இருக்குது பாருங்க’ என்றார். ‘கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு அண்ணே’ என்று சொல்லிப் பொரியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்தது நீண்ட விடுமுறை, சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது.

விடுமுறை முடிந்து திறந்த காலையில் மின்னஞ்சலைக்கூடப் பார்க்கவில்லை, அந்த ஆத்தூர்ப் பெண் வந்து நின்றாள். கையில் ஒரு டப்பா. அதைத் திறந்து என் மேசைமேல் சாய்த்தாள். சின்னச் சின்னக் குழாய்கள் உருண்டு வந்தன. உள்ளே இரத்தம் பழுப்பாகத் தண்ணீராக ஆடியது.

‘எல்லாமே இப்படித்தான் மேடம்’ என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆய்வகத்துக்கு ஓடினேன். தரையில் தண்ணீர் பரவி, அதில் குங்குமம் கரைந்து சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. மாலை காய்ந்து கதவில் தொங்கியது. எல்லாக் கருவிகளின் சுவிட்சும் கீழே இருந்தது, பிரீசருடையதும். அண்ணன் ஒரு துணியால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு மூச்சு வாங்கியபோதுதான் அவர் பேசினார்.

‘சாமிக்கு வெச்சதை ஓட விடக்கூடாதுன்னு நிறுத்தினேன் மேடம். கரண்ட் போனாலும் ஒரு நாள் தாங்கும்னு கம்பெனிக்காரரு சொல்லியிருந்தாரு. மறுநா காலையில வந்து போட்டுடலாம்னு வந்தேன். கேட்ல உடமாட்டேன்னுட்டாங்க. விடுமுறையில யாரையும் உடக்கூடாதுன்னு சர்க்குலராம்.’

‘ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே.’

‘யாருக்குப் பண்றதுங்க. திட்டுவாங்கன்னு பயம். ஐஸ் இருக்கும், ஐஸ் இருக்கும்னே நெனச்சிட்டிருந்தேன்.’

அந்தப் பெண் அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நிலவரம் இதுதான். ஆரம்பத்தில் எடுத்த மாதிரிகளை அவள் ஏற்கெனவே சோதித்து முடித்திருந்தாள். கரைந்து போனவை பிற்பாதியில் எடுத்தவை. திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது. அந்தக் கோழிகளுக்கும் வயதாகிவிட்டது, முட்டை குறைந்ததால் கறிக்கு விற்பதாகப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் லாரி வருகிறது. புதுக் குழாய்கள் வியாழக்கிழமைதான் கைக்கு வரும், வெள்ளி விடிந்ததும் போவதாக இருந்தாள். லாரியில் ஏற்றுவதற்குள் அதே கோழிகளிடம் மறுபடி இரத்தம் எடுத்துவிட்டால், திட்டத்துக்கும் நீட்டிப்புக் கிடைத்துவிட்டால், ஆய்வேட்டைத் தேற்றிவிடலாம். இரண்டில் எது தவறினாலும் இத்தனை வருட உழைப்பும் போச்சு. பச்சை வளையத்தோடு வேறு கோழி இந்த உலகத்தில் கிடையாது.

நீட்டிப்புக் கேட்கும் கடிதத்தை உடனே தட்டச்சு செய்தேன். காரணம் என்கிற கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். ஆயுத பூஜைக்காகக் கருவி நிறுத்தப்பட்டது, விடுமுறையில் வளாகம் மூடியிருந்ததால் மீண்டும் இயக்க முடியவில்லை. அவளுடைய நெறியாளர், நல்ல மனிதர், ஆனால் பதிவாளர் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கிறவர். படித்துப் பார்த்துவிட்டு, ‘கரண்ட் போச்சுன்னு போட்டுடலாமே மேடம், யார் வந்து பாக்கப் போறா’ என்றார். நான் கோப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பதிவாளர் அறைக்கு நடந்தேன்.

பதிவாளர் இரண்டு முறை படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

‘ஏம்மா, மின்தடைன்னு மாத்திக் கொண்டாங்க. இதை இப்படியே அனுப்ப முடியாது.’

‘ஜெனரேட்டர் இருக்கு சார். மின்தடைன்னா மின்வாரியத்துச் சான்று கேப்பாங்க.’

‘அதை அப்புறம் பாத்துக்கலாம். பூஜையாலதான் ஆராய்ச்சி கெட்டுச்சுன்னு நீங்க எழுதினா எப்படிம்மா இருக்கும்? நல்லதுக்குத்தான் சொல்றேன்.’

‘நீங்க’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியதுபோல எனக்குக் கேட்டது. அழுத்தினாரோ, என் காதுதான் அழுத்திக்கொண்டதோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகம் சூடாகிவிட்டது. இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில், நான் வாங்கிப் போட்ட கருவியைப் பற்றி ஓர் உண்மையை எழுத என் பெயர் இடைஞ்சலா என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்ன பயம் எனக்கும் இருந்தது. யாராவது கடிதத்தை ஒரு படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது எந்தெந்த வீட்டுக்குப் போகும், என்னென்ன வார்த்தை கூடச் சேரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா. இன்னொன்றும் இருந்தது. யார் நிறுத்தியது என்று ஒரு விசாரணை வைத்தால் அண்ணனை அனுப்பிவிட ஒரு வரி போதும். தற்காலிக ஊழியருக்கு யாரும் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

‘காரணத்தைத் தனியா அனுப்பறோம்னு போட்டு, இப்போதைக்கு நீட்டிப்பு மட்டும் கேக்கலாமா சார்?’ என்றேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டத்தில் ‘காரணம் தனியே அனுப்பப்படும்’ என்று மட்டும் போட்டு டெல்லிக்கு அனுப்பினேன். அன்றைக்கு வீட்டில் சோறு ஆக்கினேனா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்காரர் மட்டும், ‘உனக்கு ஏன் இந்த வம்பு, கரண்டுன்னு எழுதிட்டுப் போயேன்’ என்றார். நான் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அந்தப் பெண் ஓடி வந்தாள். ‘மேடம், லாரி இன்னைக்கே வந்துடுச்சாம். ஏத்த ஆரம்பிச்சிட்டாங்களாம்.’

பல்கலைக்கழக வண்டி வேண்டுமானால் முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். டவுனில் அத்தாவின் கடையை இப்போது நடத்தும் தம்பிக்குப் போன் போட்டேன். ‘ஆம்னி வேன் இருக்கு, டிரைவர் லீவு’ என்றான். கடைக்கு வந்து வண்டியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். ஓட்டத் தெரிந்தவர் யார் என்று திரும்பினால், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ராசிபுரம் தாண்டும்வரை அண்ணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். பின்சீட்டில் அவள் ஊசிகளையும் குழாய்களையும் எண்ணுவாள், கலைப்பாள், மறுபடி எண்ணுவாள். நான் முன்னால் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். மேம்பால வேலையில் வண்டிகள் நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், அவ்வளவு பரபரப்பு.

பண்ணையில் லாரி நின்றிருந்தது. முக்கால்வாசி ஏற்றியாகிவிட்டது. அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் கழுத்தை நீட்டிக்கொண்டு வெள்ளைக் கோழிகள். சத்தம் காதை அடைத்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து வேகமாக வந்தார். அவர்தான் பண்ணைக்காரர்.

‘வா சாமி’ என்றார் அவளிடம். ‘நாளைக்குன்னுதானுங்க இருந்துது. கோழி வாங்கற ஏவாரி இன்னைக்கே வண்டிய அனுப்பிச்சுப் போட்டான். நானு வாக்குக் குடுத்துட்டனுங்க, இல்லீன்னு சொல்ல முடியல. உனக்குப் போன் போட்டதே அதுக்குத்தான்.’

‘என் வரிசை எங்கீங்க ஐயா?’

‘அதைத்தான் மொதல்ல ஏத்துனாங்க.’

அவள் லாரியைப் பார்த்தாள். அவளுடைய கோழிகள் எல்லாம் அடியிலும் நடுவிலும் எங்கேயோ கலந்து கிடந்தன. டிரைவர் பைப்பை இழுத்துக் கூண்டுகள்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய், கொஞ்சம் நேரம் வேண்டும், சில கோழிகளை மட்டும் எடுத்து ஊசி போட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றேன்.

‘ஏனுங்க, வெயில் எப்படி அடிக்குதுன்னு பாக்கறீங்கல்லோ. வண்டி ஓடுனாத்தான் காத்து. நின்னுச்சுன்னா நடுக்கூண்டுல இருக்கறது பூராச் செத்துப் போயிருமுங்க. அதுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்.’

நியாயமான பேச்சு. பெரியவர்தான் குறுக்கே வந்தார். ‘மிச்சத்தை ஏத்தி முடிக்கற வரைக்கும் பாத்துக்கட்டுமப்பா. நானு தண்ணி அடிக்கறேன், நீ போயி மோர் குடி’ என்று பைப்பை வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரியின் பக்கவாட்டில் ஏறினார். கூண்டின் கதவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு, காலைத் தடவி வளையம் இருந்தால் வெளியே இழுத்தார். சிவப்பு. பச்சை. அவள் கீழே ஒரு தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து இறக்கையை விரித்து ஊசி குத்தினாள். இடையில் நான். மேலேயிருந்து கோழியை வாங்கி அவளிடம் கொடுப்பதும், முடிந்ததை வாங்கி மேலே கொடுப்பதும் என் வேலை. முதல் கோழியை வாங்கியபோது பதறிவிட்டேன். அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் இதற்காகத்தானா என்று ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். ‘மேடம், குடுங்க’ என்று அவள் அதட்டினாள்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது, டெல்லி. கோழியை அவளிடம் தள்ளிவிட்டு எடுத்தேன். திட்டத்தைப் பார்க்கும் அதிகாரி. ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் நீட்டிப்பு விண்ணப்பத்தில் காரணம் இல்லை, கமிட்டி இன்று மாலை கூடுகிறது, காரணமில்லாமல் வைக்க முடியாது, இப்போதே சொல்லுங்கள் என்றார். அப்புறம், அங்கே என்ன சத்தம் என்றார்.

‘கோழிகள் சார். திட்டத்தின் கோழிகள்’ என்றேன்.

மின்தடை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. நாக்கு நுனி வரை வந்தது, பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. பதிவாளர் நிம்மதியாக இருப்பார், நெறியாளர் எனக்குக் காபி வாங்கித் தருவார். ஆனால் நாளைக்குச் சான்று எங்கே என்று கேட்டால் அடிபடப் போவது அவளுடைய ஆய்வு. எனக்குப் பயமாக இருந்தது. நன்றாகவே பயந்தேன். பயந்துகொண்டே சொன்னேன். எங்கள் ஊரில் ஆயுத பூஜை அன்று கருவிகளைச் சுத்தம் செய்து, பூஜைக்கு வைத்து, ஓய்வு கொடுப்போம். புதுப் பிரீசர், முதல் பூஜை. நிறுத்தினோம். மறுநாள் வளாகம் மூடியிருந்தது. மாதிரிகள் கரைந்துவிட்டன.

யார் நிறுத்தியது என்று கேட்டார். பதில் சொன்னேன். தொலைபேசியில் தெரிவித்தவர் பெயரைக் குறிப்பில் போட வேண்டும் என்றார். என் பெயரைச் சொன்னேன். எழுதுகிறார் என்று தெரிந்தது, பாதியில் நின்றார் என்றும் தெரிந்தது.

‘மேடம், இந்தக் காரணத்தை இந்தப் பெயரில்தான் எழுதவா?’ என்றார். கேலி இல்லை. உண்மையாகவே எனக்காகத்தான் கேட்டார்.

‘எழுதுங்கள் சார்.’

பெருமூச்சு விட்டார். நம்பும்படியான காரணம்தான், கமிட்டியில் நானே பேசுகிறேன் என்றார். கடிதத்தில் மூன்று மாதம் கேட்டிருக்கிறீர்கள், மூன்று கேட்டால் இரண்டுதான் கொடுப்பார்கள், ஆறு என்று திருத்தி ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றும் சொன்னார். அங்கேயே, லாரி நிழலில் நின்று, கோழி எச்சம் ஒட்டிய விரலால் அனுப்பினேன். பதிவாளரைக் கேட்கவில்லை. நாளைக்கு அவர் அறையில் போய் நிற்க வேண்டும் என்பது அனுப்பும்போதே தெரிந்தது.

திரும்பினால் அண்ணன் ஒரு கோழியைப் பிடித்தபடி மேலேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கை இரண்டிலும் நகக் கீறல், இரத்தம். அவருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ஆயுத பூஜை என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்கும்.

‘டெல்லிங்களா மேடம்?’

‘ஆமாண்ணே.’

‘யாரு நிறுத்தினதுன்னு கேட்டாங்களா?’

‘கேட்டாரு.’

அவர் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டார். ‘சொல்லிட்டீங்களா?’

‘சொல்லிட்டேன். நாங்கதான் நிறுத்தினோம்னு சொன்னேன்.’

‘நாங்கன்னா?’

‘நாங்கன்னா நாமதான், வேற யாரு. கோழியைக் குடுங்க, நேரமாகுது.’

அவர் கொடுக்கவில்லை. வாய் ஏதோ சொல்ல வந்து கோணிக்கொண்டது. டிரைவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். அப்போது அவள் தார்ப்பாயிலிருந்து நிமிர்ந்து, விரலை நீட்டி, ‘அண்ணே, உங்க தலைக்கு மேல, அந்த மூலைக் கூண்டுல ஒரு பச்சை’ என்றாள்.

கையிலிருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் மேலே ஏறினார்.